வராததற்கு ஒரு மாலை

என் வீட்டுக்காரர் வேம்புலி கண்ணால் பார்த்தால் பருத்திப்பட்டு டீம் தோற்றுவிடுமாம். இதை நான் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது. உள்ளே ஓடியாடுகிற பதினொரு பேரையும் விட்டுவிட்டு, வெளியே சிவனே என்று உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷனின் கண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஊர் இது. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆவடியில் வருஷா வருஷம் வட்டாரக் கோப்பை ஹாக்கிப் போட்டி நடக்கும். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எங்கள் டீம் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. அதற்கு முன்னாலும் தொட்டதில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஊரெல்லாம் கிரிக்கெட் பைத்தியம் பிடித்து அலையும்போது பருத்திப்பட்டுக்கு மட்டும் ஹாக்கிப் பைத்தியம். அரையிறுதி வரைக்கும் ஜம்மென்று ஆடுவார்கள். பைனல் என்று வந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. தோற்றுவிட்டு வந்து ஒரு வாரம் துக்க வீடு மாதிரி இருப்பார்கள். அப்புறம் அடுத்த வருஷத்துப் பேச்சை ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர் ஜெயராமன் அண்ணன். பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போய், இப்போது மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். ரெண்டு பேரும் சின்ன வயசிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மேட்ச் பார்த்து வளர்ந்தவர்கள். அண்ணன் இவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். என்னைத் தங்கச்சி என்பார்.

இந்த ராசிப் பேச்சு எப்படி ஆரம்பித்தது என்றால், ஒரு பைனலுக்கு இவர் ஷிப்ட் முடித்து நேரே மைதானத்துக்குப் போயிருக்கிறார். போய் உட்கார்ந்து முகத்தைத் துடைப்பதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டது. நீ வந்து உக்காந்த நேரம் பாரு என்று ஜெயராமன் அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் பைனலில் இவர் டீ குடிக்க வெளியே போன நேரம் நம் ஆள் கோல் போட்டான். இவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் எதிரணி ரெண்டு போட்டு ஜெயித்துவிட்டது. அவ்வளவுதான். முதல் வருஷம் கேலியாகச் சொன்னது அன்றைக்குச் சட்டமாகிவிட்டது.

இவரை மட்டும்தான் பிடித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. மற்றவர்கள் கூத்து இதைவிடப் பெரிய கூத்து. ஜெயராமன் அண்ணன் பைனலுக்குப் போட ஒரு மஞ்சள் சட்டை வைத்திருக்கிறார். அதைத் துவைக்கக் கூடாது. வீரராகவன் என்று ஒரு பெரியவர், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். நம் டீம் கோல் போடும்போது அவர் கால்மேல் கால் போட்டிருந்தால், ஆட்டம் முடிகிற வரைக்கும் காலை எடுக்க விடமாட்டார்கள். மரத்துப்போய் ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்த வருஷமும் உண்டு. ஆனால் அவரெல்லாம் உள்ளே உட்கார்ந்து அவஸ்தைப்பட்டார். வெளியே போகச் சொன்னது ஒருத்தரைத்தான்.

ராசி இல்லாதவன் என்று தேடினால் எங்கள் காலனித் தெருவில்தான் ஒருத்தன் கிடைக்கிறான், பார்த்தீர்களா? ஜெயராமன் அண்ணன் அப்படி நினைத்துச் செய்கிற ஆள் இல்லை, அது எனக்கும் தெரியும். என் வீட்டில் கை நனைக்கிறவர். ஆனாலும் வலிக்கிற இடம் வலிக்கத்தானே செய்யும்.

இவராவது ரெண்டு வார்த்தை கேட்பாரா? கேட்கமாட்டார். டீம் நல்லா இருந்தா சரிதான் என்று எழுந்து போய்விட்டார். அதிலிருந்து பைனல் அன்றைக்கு மைதானத்துக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில், மதில் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷம் நான் கம்பெனி விட்டு அந்த வழியாக வந்தேன். உள்ளே ஹோவென்று சத்தம் கேட்டது. இவர் எழுந்து, உள்ளேயிருந்து வந்த யாரோ ஒரு ஆளிடம், கோல் போட்டது யாருப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் பதில் சொல்லாமல் போய்விட்டான். இவர் மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

இந்த வருஷம் எங்களுக்கும் மாங்காட்டுக்கும் பைனல். முதல் நாள் சாயங்காலம் ஜெயராமன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“மச்சான், தப்பா நினைச்சுக்காத. இந்த தபா டீக்கடைக்கும் வராத. ஊட்டுலயே இரு” என்றார். “பையனுங்க நல்லா ஆடுறானுங்க. இந்த வாட்டி வுட்டா அப்புறம் கிடையாது.”

இவர் சரி என்று தலையாட்டினார். நான் டம்ளரை எடுத்துப்போய்த் தொட்டியில் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். ஜெயராமன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சோறு இறங்கவில்லை அவருக்கு. போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டார். தெருவில் பைக்குகளில் கொடி கட்டிக்கொண்டு பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். இவர் பாயில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் வந்தவன் மாதிரி புரண்டு புரண்டு படுக்கிறார். எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

கிளம்புய்யா என்றேன். நான் போய்த் தோற்றுவிட்டால் என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, இந்த மனுஷனும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று.

“தோத்தா தோக்கட்டும்யா. நீ பாத்தா கண்ணு, அவுங்க பாத்தா கண்ணு இல்லையா? மாங்காட்டுக்காரங்க பக்கம் போய் உக்காரலாம். அங்க உன்னை யாருக்குத் தெரியும்? எழுந்திரு.”

கொரோனா நேரத்தில் வாங்கிய மாஸ்க் ஒன்று பீரோவில் கிடந்தது. அதைக் கொடுத்தேன். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். எதிர்ப்பக்க வாசலில் மாங்காட்டுப் பையன்கள் வருகிறவர்களுக்கெல்லாம் பச்சைத் தொப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் தலையிலும் ஒன்றை வைத்துவிட்டார்கள். பாவி மனுஷன், அந்தத் தொப்பியைக் கழற்றவும் முடியாமல், போட்டுக்கொள்ளவும் மனசு வராமல் நின்றார். நான்தான் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, மாங்காட்டு ஜனங்கள் தங்கமான ஜனங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கும் வேர்க்கடலை கொடுத்தார். மைதானத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சள் சட்டை தெரிந்தது. கால்மேல் கால் போட்டபடி வீரராகவன் பெரியவரும் தெரிந்தார். இவர் ஆட்டத்தைப் பார்த்த நேரத்தைவிட அவர்களைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

மாங்காடு முதலில் கோல் போட்டது. பின்னாலிருந்த ஒருத்தன் இவரைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினான். இவர் என்னைப் பார்த்தார். நான் வந்தேன், பார், விழுந்துவிட்டது என்று அந்தக் கண் சொன்னது. எழுந்து போகப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். நீ எழுந்தால் நான் இங்கேயே கத்தி ஊரைக் கூட்டுவேன் என்றேன். நான் சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஒன்று போட்டுச் சமன் ஆனது. அதற்கப்புறம் ரெண்டு பக்கமும் முட்டி மோதி, ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு ஹாக்கி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஆட்டம் முடிகிற சமயத்தில் எங்கள் டீம் பையன் உதயகுமார் பந்தை வாங்கிக்கொண்டு, நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்து கோல் போஸ்டை நோக்கி ஓடி வந்தபோது நானே எழுந்து நின்றுவிட்டேன். புழுதி பறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் முழுக்க அமைதி. எதிர்ப்பக்கம் எங்கள் ஊர் ஜனங்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்துகொண்டிருந்தார்கள்.

ஜெயித்துவிட்டோம். ஊசியும் விழாத அந்த அமைதிக்கு நடுவில் என் வீட்டுக்காரர் ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். மாஸ்க் நனைந்துவிட்டது. கடலை கொடுத்த அந்த அம்மா அவர் முதுகைத் தடவிக் கொடுத்து, அழாதீங்கண்ணா, அடுத்த வருஷம் நாமதான் என்று தேற்றினார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

விசில் ஊதியதுதான் தாமதம், கிளம்பு கிளம்பு என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அவர்கள் வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டுமாம். ஆட்டோவில் வரும்போது, வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். அப்போ அடுத்த வருஷம் என்று கேட்டேன். இதேமாதிரி அந்தப் பக்கம் போய்விடலாம் என்றார். ஆயுசு முழுக்க மாங்காட்டுத் தொப்பி போட்டுக்கொண்டு உட்காரப் போகிறாயா என்று கேட்டேன். தொப்பியைப் பிடுங்கி ரோட்டில் வீசினேன்.

வீட்டுக்கு வந்து அவர் லுங்கிக்கு மாறி முகம் கழுவுவதற்குள் தப்பட்டைச் சத்தம் கேட்டது. அடேயப்பா, என்ன கூட்டம்! காலனித் தெருவுக்குள் குட்டி யானை என்கிற மினி லாரி ஒன்று வருகிறது. அதில் டீம் முழுக்க நிற்கிறது. முன்னால் தப்பட்டை, பின்னால் பைக். சரவெடி. மைக்கைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் சட்டையோடு ஜெயராமன் அண்ணன். வண்டி நேராக எங்கள் வாசலில் வந்து நின்றது. பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பார்க்கவில்லை. மாலை போட வந்திருக்கிறார்கள்!

ஜெயராமன் அண்ணன் மைக்கில் பேச ஆரம்பித்தார். பாதி பேச்சு, பாதி அழுகை. கோப்பை ஊருக்கு வந்ததற்கு உதயகுமார் காரணம், கோல் கீப்பர் காரணம், எல்லோரும் காரணம், ஆனால் எல்லோரையும்விட வேம்புலிதான் காரணம் என்றார். பார்க்க வேண்டும் என்று உயிரை விடுகிற மனுஷன், ஊருக்காக வீட்டுக்குள் அடைந்து கிடந்தான், அவன் வராததால்தான் ஜெயித்தோம் என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். ஆவடி மார்க்கெட்டில் கேப்டனுக்கென்று வாங்கிய சம்பங்கி மாலையாம், கேப்டனே கொண்டுவந்து இவர் கழுத்தில் போட்டான். வராததற்கு ஒரு மாலை! உலகத்தில் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அப்புறம் கோப்பையை இவர் கையில் கொடுத்தார்கள். சின்னக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

நான் கதவோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். சத்தியம் மட்டும் வாங்காமல் இருந்திருந்தால் அந்த மைக்கைப் பிடுங்கியிருப்பேன்.

மச்சான் பார்க்கவில்லையே, பாவம், நான் சொல்கிறேன் கேள் என்று ஜெயராமன் அண்ணன் கடைசி கோலைச் சொல்ல ஆரம்பித்தார். உதயகுமார் பந்தை எடுத்துக்கொண்டு போனானாம். கோலுக்கு முன்னால் அரைவட்டமாகக் கோடு போட்டிருப்பார்களே, டி என்பார்கள், அதற்குள் நுழைந்தானாம். மட்டையை ஓங்கி ஒரே அடி அடித்தானாம். வலை கிழிகிற மாதிரி போனதாம்.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஓங்கி அடித்த இடம் வந்ததும் தலையாட்டல் நின்றது.

“அடிக்கல ஜெயராமா” என்றார். “கீப்பர் முன்னால ஓடியாந்துட்டான். இவன் மட்டையைத் திருப்பிப் போட்டு சும்மா தள்னான். அவன் காலுக்கு நடுவுல உருண்டுகினு போச்சு. மெதுவாத்தான் போச்சு.”

வண்டிமேல் நின்ற உதயகுமார், ஆமாண்ணா என்றான். சொல்லிவிட்டு அவனே வாயை மூடிக்கொண்டான். தப்பட்டை நின்றுவிட்டது.

உனக்கு எப்படித் தெரியும் என்று ஜெயராமன் அண்ணன் மெதுவாகக் கேட்டார். போனில் யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான். அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாலையும் இருக்கும், கோப்பையும் கையில் இருக்கும். இந்த மனுஷனுக்கு ஹாக்கியில் பொய் சொல்லத் தெரியாது.

“பாத்தேன்” என்றார். “மாங்காட்டுக்காரங்க பக்கத்துல உக்காந்து பாத்தேன்.”

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. திட்டுவார்களா, அடிக்க வருவார்களா, எதுவாக இருந்தாலும் நான் தயாராகப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்போது வீரராகவன் பெரியவர் கூட்டத்துக்குள்ளிருந்து கையைத் தூக்கினார். அவன் அங்கே உட்கார்ந்ததால் அவன் ராசி மாங்காட்டை அடித்துவிட்டது, அதனால்தான் ஜெயித்தோம் என்றார். ஒரு நிமிஷம் எல்லோரும் யோசித்தார்கள். அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு கூச்சல்! இனி வருஷா வருஷம் வேம்புலி எதிரி பக்கம்தான், தொப்பி செலவு நம்முடையது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ரெண்டு பையன்கள் இவரைத் தோளில் தூக்கவே வந்துவிட்டார்கள். எத்தனை வழியாகப் போனாலும் கடைசியில் அதே இடத்தில் வந்து நிற்கிற இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்னத்தைச் செய்ய?

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் கோப்பையை வண்டியின் முன்பக்கம் வைத்துவிட்டு, ஜெயராமன் அண்ணன் எதிரில் போய் நின்றார்.

“கோல் வுழுந்தப்ப நான் வாயைப் பொத்திக்கினு உக்காந்துருந்தேன், ஜெயராமா. ஒரு அம்மா, நான் தோத்துட்டு அழுவுறேன்னு நினைச்சி முதுகைத் தடவிக் குடுத்துச்சு. நம்ம டீமு ஜெயிச்ச அன்னிக்கு எனக்கு ஆறுதல் சொல்றாங்க.” தெருவின் எதிர்ப்பக்கம் கையை நீட்டினார். “அந்தாண்ட நீங்கெல்லாம் கட்டிப் புடிச்சிக்கினு கீறீங்க. அங்க தனியா உக்காந்து ஜெயிக்கறது எனக்கு வேணாம்டா. தோத்தாலும் பரவால்ல, உங்ககூட உக்காந்து தோக்கணும்.”

கூச்சல் அடங்கிவிட்டது. ஜெயராமன் அண்ணன் மைக்கை யாரிடமோ கொடுத்தார். இவர் கிட்டே வந்து கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. போட்ட மாலையைக் கழற்றுகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வாசலை விட்டு இறங்கினேன்.

“இரு தங்கச்சி” என்றார் அவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “இது வராதவனுக்குப் போட்டது. இவன் வந்தான்ல.”

மாலையைக் கோப்பைக்குப் போட்டார். போட்டுவிட்டு, துவைக்காத அந்தச் சட்டையோடு எங்கள் வாசலில் வெறும் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார். இவர் உட்கார்ந்தார். வீரராகவன் பெரியவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அப்புறம் தப்பட்டைக்காரர்கள், பைக் பையன்கள், வண்டியிலிருந்து இறங்கி டீம் பையன்கள், தெரு முழுக்கக் கேலரி மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தெருவில் ஊர்த்தெருக்காரர்களெல்லாம் இப்படித் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் தோற்றால் யார்மேல் பழி போடுவீர்கள் என்று கேட்டேன். அதைக் கேட்காமல் விட எனக்கு மனசில்லை.

ஜெயராமன் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இவன் என் பக்கத்துல உக்காருவான். தோத்தா ஒண்ணா எழுந்து ஊட்டுக்கு வருவோம். அவ்ளோதான் தங்கச்சி” என்றார். பிறகு இவர் தோளில் கையைப் போட்டார். “சொல்லு மச்சான், மொதல்லேர்ந்து சொல்லு. நாங்க உக்காந்துருந்த எடத்துலேர்ந்து அந்த கோலு சரியாவே தெரியல. புழுதி.”

இவர் சொல்ல ஆரம்பித்தார். உதயகுமார் நடு மைதானத்தில் பந்தை வாங்கியதைச் சொன்னார். ரெண்டு பேரை இடது பக்கம் ஏமாற்றியதைச் சொன்னார். சொல்லச் சொல்ல எழுந்து நின்றுவிட்டார். கையில் மட்டை இருப்பதுபோலக் குனிந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடுத்தெருவில் ஓடிக் காட்டினார். கோல் போட்ட உதயகுமாரே, அடுத்து என்ன ஆகுமோ என்கிற மாதிரி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். கீப்பர் ஓடி வந்தான் என்றார். மட்டையைத் திருப்பினான் என்றார். தள்ளினான் என்றார்.

கோல் என்று மொத்தத் தெருவும் எழுந்து கத்தியது. ஜெயராமன் அண்ணன் பாய்ந்து வந்து இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானும் கத்தினேன், வெட்கமென்ன. எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகும் என் வீட்டுக்காரர் மட்டும் கத்திக்கொண்டே இருந்தார். ஒருத்தரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.